றெக்கையின் விளிம்பு: நெல்லைச் சீமைப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 17, திங்கள் – கயத்தாறு

மாசி பிறந்த வாரம். காற்றாலை றெக்கையிலும் சூரியத் தகட்டிலும் பாலிமர் எங்கே கெடுகிறது என்று பார்க்கக் கிளம்பிய பயணம். நெல்லை புது பஸ் ஸ்டாண்ட் வாசலில் பனங்கிழங்கு கட்டு 40 ரூபாய். அவித்ததா பச்சையா என்று கேட்ட அம்மா, அவித்ததில் மஞ்சள் நன்றாகப் பிடித்த கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கோவில்பட்டி வண்டியில் ஏறினால் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது கயத்தாறு போய்ச் சேர. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். காற்றாலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு விதத்திலும் தெரிந்த ஊர்: தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்திருக்கும் மூன்று இடைவெளிகள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்த வாசல்கள் வழியாகச் சாரலோடு பாய்கிறது. இப்போது பிப்ரவரியில் காற்று தணிந்திருக்கிறது. பழுது பார்ப்பவர்களுக்கு இதுதான் சீசன்.

ரோட்டோரம் 250 கிலோவாட் பழைய காத்தாடியும் 2 மெகாவாட் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோபுரம் எஃகு, உள்ளே செம்பு, கியருக்கு இரும்பு. இவை கணக்குப் போட்டபடி இருபது வருடத்துக்கு மேல் நிற்கும். றெக்கை மட்டும் கண்ணாடி இழையும், அதைப் பிடித்து இறுகும் பிசினான ரெசினும். எபாக்சி அல்லது பாலியெஸ்டர், நடுவில் பால்சா மரமோ நுரைப் பிளாஸ்டிக்கோ, இரண்டு ஓடுகளையும் சேர்க்க எபாக்சிப் பசை, மேலே பாலியூரித்தேன் பூச்சு. முதலில் தேய்வது இந்தப் பூச்சுதான். சூரியத் தகட்டிலும் இதே கதைதான்: சிலிக்கானும் கண்ணாடியும் கெடுவதற்கு வெகு முன்பே அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கெட்டுப்போகிறது. பாலிமர் வேதியியல் படித்தவருக்கு இந்தத் துறையில் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், எது முதலில் கெடுகிறதோ அங்கே என்பதுதான் பதில்.

டீக்கடை (டீ 12 ரூபாய், கருப்பட்டிக் காபி 20) அண்ணாச்சி எந்தப் படிப்பும் இல்லாமல் இதைச் சரியாகவே சொன்னார். “அந்தா மூணாவதா நிக்கில்லா, அது ஆடியில ஊளை போடும். றெக்கை நுனி போச்சுன்னா அப்படித்தான் கத்தும்.” உண்மைதான். முன் விளிம்பில் ஓட்டையோ பிளவோ விழுந்த றெக்கை விசில் அடிக்கும். ஆய்வுக் குழு டிரோனை எடுப்பதற்கு முன், பக்கத்து டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

பிப்ரவரி 18, செவ்வாய் – மானூர், கங்கைகொண்டான்

காலை ஆறரைக்கு மானூர் பக்கம் பத்து வயதைத் தாண்டிய ஒரு சூரிய மின் பண்ணை. பனி நன்றாக இறங்கியிருந்தது. வெயில் வந்த பிறகும் ஒரு வரிசை இன்வெர்ட்டர் ஏறவில்லை, ஐசோலேஷன் பிழை, அதாவது மின்காப்பு போதவில்லை என்று காட்டியது. காவலாளி பதறவில்லை. “ஒம்போது மணிக்கு அதுவா ஏறிக்கிடும் சார், தினமும் இதான்” என்றார். அவர் சொன்ன நேரத்துக்குத்தான் ஏறியது.

காரணம் தகட்டின் முதுகில் இருக்கிறது. பின்தாள் நடுவில் பாலியெஸ்டரும் வெளியே ஃப்ளோரோபாலிமரும் கொண்ட அடுக்காக இருக்க வேண்டும். விலையைக் குறைக்க வெளி அடுக்கை மலிவாக்கியவை பத்து வருடத்துக்குள் வெடித்துவிடுகின்றன. கைவிரலால் பின்பக்கம் தேய்த்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. மேற்பரப்புப் பாலிமரைப் புற ஊதாக் கதிர் தின்றுவிட்டது, அதற்குள் இருந்த டைட்டானியம் டை ஆக்சைடு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த கட்டம் மயிரிழை வெடிப்பு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், நேர்கோடாக ஓடும். பனி அதற்குள் இறங்கினால் காப்பு மின்தடை சரிந்துவிடும். தரக்கட்டுப்பாட்டுச் சோதனையில் பரப்போடு பெருக்கி 40 மெகாஓம்-சதுர மீட்டர் வர வேண்டும். 1.6 சதுர மீட்டர் தகடு என்றால் குறைந்தது 25 மெகாஓம். காப்பு மின்தடையை அளக்கும் மெகரை வெயிலில் காய்ந்த தகட்டில் வைத்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். பனி ஈரத்தோடு, காலை ஏழு மணிக்குள் வைத்தால்தான் நிஜம் தெரியும்.

சில தகடுகளைக் கழற்றி இணைப்புப் பெட்டியைத் திறந்தபோது லேசாக வினிகர் வாடை வந்தது. செல்லைச் சுற்றியிருக்கும் ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) படலம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்தால் அசிட்டிக் அமிலம் வெளியே வரும். அந்த அமிலம் வெள்ளிக் கோடுகளையும் ஈயம் பூசிய நாடாக்களையும் அரிக்கும். அதனால்தான் இரட்டைக் கண்ணாடித் தகடுகளில் பலர் பாலியோலிஃபின் படலத்துக்கு மாறிவிட்டார்கள். அதில் அசிடேட் கிடையாது, அமிலமும் வராது. ஆனால் விலை அதிகம், தகட்டின் அடுக்குகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் லேமினேட்டரில் அது சீராகப் பரவ அதிக நேரம் பிடிக்கும்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் செல், தகடு ஆலை ரோட்டிலிருந்தே தெரிகிறது. இப்படிப்பட்ட ஆலைகளில் பாலிமர் படித்தவர்களின் அன்றாட வேலை எது என்பதைப் பலரும் கேட்பதால் எழுதுகிறேன். ஈ.வி.ஏ.வை லேமினேட்டரில் 145–150 பாகை செல்சியஸில், வெற்றிடத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்துவார்கள். உள்ளே இருக்கும் பெராக்சைடு உடைந்து பாலிமர்ச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும். பிணைப்புப் போதுமா என்று பார்க்க ஒரு கிராம் அளவு படலத்தை வெட்டி, எடை போட்டு, கம்பிவலைப் பையில் கட்டி, கொதிக்கும் சைலீனில் பல மணி நேரம் விட வேண்டும். பிணையாதது கரைந்துபோகும். மிச்சத்தை உலர்த்தி எடை போட்டால் ஜெல் விகிதம். நூற்றுக்கு 75-க்கு மேல் வருவது நல்லது. 60-தான் வருகிறது என்றால் லேமினேட்டரின் ஏதோ ஒரு மூலை சூடேறவில்லை. சித்திரை வெயிலில் தகடு 65, 70 பாகையைத் தொடும். பிணையாத ஈ.வி.ஏ. உருகுவதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். அப்புறம் செல்கள் மெல்ல நகர ஆரம்பிக்கும். ஆகவே தட்டின் ஒரே இடத்திலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது. நாலு மூலையிலும் நடுவிலும் எடுக்க வேண்டும்.

மதியம் ரோட்டோரக் கடையில் சாப்பாடு 90 ரூபாய். அப்பளம் தீர்ந்துவிட்டது என்று பரிமாறியவர் வருத்தப்பட்டுச் சொல்லி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவியலை இரண்டாம் தடவை வைத்தார்.

பிப்ரவரி 19, புதன் – வள்ளியூர், ராதாபுரம்

பயணத்தின் முக்கியமான நாள் இது. வள்ளியூரில் இட்லி மூன்று 30 ரூபாய், கூட ஒரு வடை. ராதாபுரம் ரோட்டில் இருபுறமும் காத்தாடிகள், அடியில் முருங்கைத் தோட்டங்கள், நடுவில் ஆடு மேய்கிறது. நிறுத்தி வைத்திருந்த ஒரு 1.65 மெகாவாட் இயந்திரத்தில் றெக்கை முன் விளிம்பைச் சரிசெய்யும் வேலை நடந்தது. கயிற்றில் இறங்கும் இருவர், கீழே கலவை பார்ப்பவர் ஒருவர்.

சுழல்வட்டம் 82 மீட்டர், நிமிடத்துக்கு 14.4 சுற்று. நுனியின் வேகம் நொடிக்கு 62 மீட்டர் வருகிறது, மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு மழைத்துளி மோதும் கணத்தில் உண்டாகும் அழுத்தத்தை, நீரின் அடர்த்தி, நீரில் ஒலியின் வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்கினால் ஓரளவு மதிப்பிடலாம்: சுமார் 90 மெகாபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 900 மடங்கு. ஒரு துளி ஒன்றும் செய்யாது. கோடிக்கணக்கில் விழும்போது பூச்சு களைத்துப்போகிறது. அலை பூச்சுக்குள் ஓடி, அடியில் சமன் செய்யப் பூசிய புட்டி தொடங்கும் எல்லையில் பட்டுத் திரும்புகிறது. அந்த எல்லையில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தால் குழி அங்கேதான் தொடங்கும். கடினமான பூச்சைவிட ரப்பர்போல் இளகும் பாலியூரித்தேன் நன்றாகத் தாங்குவதற்குக் காரணமும் இதுவே. மோதும் அழுத்தமே அதில் குறைந்துவிடுகிறது, வந்த அலையும் உள்ளேயே தேய்ந்துவிடுகிறது.

ஏழரைக்கே எல்லாரும் தயார். ஆனால் மேலே ஏறிய பிறகும் பூச்சு வேலை தொடங்கவில்லை. காற்றின் சூடு 23 பாகை, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) 21-க்குச் சற்று மேல். றெக்கையின் தோலோ 22. பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை அதிகமாக இல்லாவிட்டால் பூசக்கூடாது என்பது விதி. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்தாலும் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவைக் கக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் ஆப்பத்தில் கண் விழுந்த மாதிரி பொடிப்பொடி ஓட்டை. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கண்கள்தான் குழிகளாகும். அதுவரை உப்புத்தாள் வேலை நடந்தது: 80-ம் எண் தாள் போட்டுத் தேய்த்து, அதைவிட நைசான 120-ல் சமன் செய்து, பழுதான இடத்தைச் சுற்றி நல்ல பூச்சின் மீதும் கொஞ்ச தூரம் தேய்ப்பார்கள். பளபளப்பு ஒரு இடத்தில்கூட மிச்சமிருக்கக் கூடாது. பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைப்பு. அதே துணியைத் திருப்பிப் போட்டுத் துடைத்தால் எண்ணெய்ப்பசையை மறுபடி தடவுவதாகும். துணி மாற்ற வேண்டும்.

ஒன்பதரைக்கு 29 பாகை, ஈரம் 60 சதவீதம், பனிநிலை 20 சொச்சம். இப்போது சரி. ஆனால் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் 23 பாகையில் 20 நிமிடம் கையாளக்கூடிய கலவை, 33-ல் ஏறக்குறைய பாதி நேரம்தான் தாங்கும். நண்பகலில் வெயில் பட்ட றெக்கை 45-ஐ நெருங்கும். காற்றும் பதினொன்றரைக்கு மேல் கூடும், நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கயிற்றில் இருப்பவர்கள் இறங்க வேண்டும். கையில் இருப்பது இரண்டு மணி நேரம். ஆடி மாதத்தில் இந்த இரண்டு மணி நேரமும் கிடைக்காது, ஐப்பசி கார்த்திகையில் மழை. ஆக மாசி, பங்குனியை விட்டால் வேலை அடுத்த வருடம்தான்.

சின்ன விபத்து இங்கேதான் நடந்தது. கலவை பார்த்தவர் திறந்த வெளியில் தராசை வைத்தார். காற்று தட்டில் அடித்ததில் எண்கள் ஏறி இறங்கின, கலவையை இறுகவைக்கும் ஹார்ட்னர் (ஐசோசயனேட் இருப்பது இதில்தான்) 5 கிராம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியவில்லை. மொத்தமே 200 கிராம் கலவை என்றால் 5 கிராம் பெரிய பிழை. ஐசோசயனேட் குறைந்தால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், கூடினால் நொறுங்கும். அந்தக் கிண்ணத்தை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார், நல்ல மனது அது. வேனுக்குள் தராசை மாற்றி, கதவைச் சாத்தி, ஏசியையும் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். கலக்கும்போது இரண்டு நிமிடம் கிண்ணத்தின் சுவரையும் அடியையும் வழித்து, பிறகு வேறு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்கினார். பழைய கிண்ணத்தின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பது றெக்கைக்குப் போகாமல் இருக்க இதுதான் வழி. தேதி, தொகுதி எண், நேரம், சூடு, ஈரம் எல்லாம் குறித்து, அதே கலவையில் ஒரு சொட்டை அட்டையில் விட்டுப் பத்திரப்படுத்தினார். நாளைக்கு அந்தச் சொட்டு காயவில்லையென்றால் மேலே இருப்பதும் காயவில்லை.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. ரெசின் கையில் பட்டால் அசிட்டோனில் கழுவும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே அனுப்புகிறது. சோப்பும் தண்ணீரும் போதும். எபாக்சிக்கோ ஐசோசயனேட்டுக்கோ ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த மனிதர் இந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, தேய்க்கும்போது முகமூடி. இதில் சலுகையே கூடாது.

பிப்ரவரி 20, வியாழன் – உவரி

காலையில் அட்டையில் விட்ட சொட்டு கெட்டியாகியிருந்தது, நகம் பதியவில்லை. நிம்மதி.

வள்ளியூரிலிருந்து உவரிக்குப் போகும் வண்டி கண் முன்னாலேயே போய்விட்டது. ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 50 ரூபாய். ஓட்டுநர் வழியெல்லாம் தேரியைக் காட்டிக்கொண்டே வந்தார். அந்தச் சிவப்பு மணல் ஆனி ஆடியில் பறக்கும், கடல் பக்கம் உப்புக் காற்று. றெக்கை விளிம்புக்கு மழை பாதி எதிரி என்றால் இந்த மணல் மீதிப் பாதி. தகடுகளில் உப்பும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து மின் கசிவுப் பாதை போடுகின்றன. தகடுகளை வரிசையாக இணைத்த 1000 வோல்ட், 1500 வோல்ட் சரங்களில் கண்ணாடியில் உள்ள சோடியம் அயனிகள் படலத்தைத் தாண்டி செல்லுக்குள் இறங்கித் திறனைக் குறைக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் தள்ளிப்போடலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு நிரந்தரமாகிவிடும். கழுவுவதும் விடியற்காலையில்தான், சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது.

மீன் சாப்பாடு 150. சாளைக் குழம்பு, தேங்காய் அரைத்துவிட்டது. வெயில் அடித்த களைப்பு அதோடு போனது.

பிப்ரவரி 21, வெள்ளி – பாளையங்கோட்டை

கல்லூரிகள் நிறைந்த ஊர். வேதியியல் முதுகலை படிக்கும் சிலர் பேச வந்தார்கள். ஒரு மாணவி நேரடியாகக் கேட்டாள்: “மெட்ராஸ் போகாம இந்த வேலைக்கு வர முடியுமா அண்ணாச்சி? வீட்டுல தூரமா அனுப்ப மாட்டாவ.”

முடியும், ஆனால் தயாரிப்பு வேண்டும். பாடத்தில் பாலிமராக்கல் வழிமுறைகள் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். பாலிமர் எப்படி முதுமையடைகிறது என்பது இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. இந்தத் தொழிலுக்கு வேண்டியது அந்த இரண்டு பக்கம்தான். சூடேற்றும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியின் வரைபடத்தைப் பார்த்துக் கண்ணாடிநிலை மாற்றத்தை, அதாவது கெட்டியான பாலிமர் இளகத் தொடங்கும் சூட்டை, படிக்கத் தெரிய வேண்டும். றெக்கை எபாக்சியில் அது 75–85 பாகை பக்கம் வரும். 60-ல் வந்தால் சரியாக வேகவில்லை. இழையும் ரெசினும் எவ்வளவு என்று உலையில் எரித்துக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் கார்பனைல் உச்சி வளர்வதைப் பார்த்து எவ்வளவு ஆக்சிஜனேற்றம் என்று சொல்லத் தெரிய வேண்டும். மேற்படிப்புக்கு கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் பாலிமர் பிரிவு இருக்கிறது. செங்கோட்டை தாண்டினால் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாலிமர், ரப்பர் துறை. மதுரையில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித் தரும் மத்திய அரசின் சிப்பெட் மையம். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம், பேட்டரிக்கான பாலிமர்ச் சவ்வுகளுக்கு அங்கே போகலாம். ஏறி வேலை பார்க்க விரும்பினால் உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் ஆய்வகத்தில் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு தடவையாவது மேலே போய் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தவரின் அறிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் பக்கம் அல்வாவுக்கு வரிசை. கால் கிலோ வாங்குபவர்களும் இலையில் சூடாக வாங்கி அங்கேயே நின்று தின்கிறார்கள். முன்னால் நின்றவர் எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்துவிட்டு, “மொதல்ல நீங்க வாங்குங்க, நாங்க உள்ளூரு” என்று வழிவிட்டார்.

பிப்ரவரி 22, சனி – தாழையூத்து

கடைசியாகப் பார்க்க வேண்டியிருந்தது கழற்றிய றெக்கைகள். 2024-ல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டது. 250 கிலோவாட் இயந்திரங்கள் இறங்க இறங்க, றெக்கைகள் கரிசல் காட்டோரம் கிடக்கின்றன. எபாக்சியும் பாலியெஸ்டரும் குறுக்கே பிணைந்தவை, உருக்கி வார்க்க முடியாது. திறந்த வெளியில் எரிப்பது கொடுமை. வைர வட்டில் அறுத்தால் கண்ணாடித் தூசி, தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுக்க வேண்டும். புதிய றெக்கைகளுக்கு வேதியியல் வழி கண்டுவிட்டது: சீமென்ஸ் கமேசா 2021-ல் அறிமுகப்படுத்திய றெக்கையில் ரெசினை மிதமான அமிலத்தில் கரைத்து இழையைப் பிரிக்கலாம். பழையதற்கு அது பொருந்தாது.

பழையதற்கு நடைமுறையில் கைகொடுப்பது சிமெண்ட் சூளை. ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடி இழையில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் அலுமினாவும் கிளிங்கரில் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) சேர்ந்துவிடுகின்றன. ஜெர்மனியில் இதைச் செய்துவருகிறார்கள். காத்தாடிக் காட்டுக்கு நடுவிலேயே தாழையூத்தில் சிமெண்ட் ஆலை நிற்கும்போது இங்கேயும் முயல வேண்டும் என்று மனதாரத் தோன்றுகிறது.

அதற்கு முன் ஒரு வேதியியலாளர் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. பழைய இழையில் போரான் இருக்கும், அது கூடினால் சிமெண்ட் இறுகத் தாமதமாகும். ஆகவே சூளைக்குள் போகும் மொத்தக் கலவையில் றெக்கைத் துண்டின் பங்குக்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும். நடுவில் பால்சா இருந்தால் தொந்தரவில்லை. பி.வி.சி. நுரை இருந்தால் குளோரின் வரும், சூளையில் படிவு கட்டும், அந்தப் பகுதியைத் தனியே வெட்டி விலக்க வேண்டும். இரண்டையும் களத்திலேயே பிரித்தறியலாம்: செம்புக் கம்பியைச் சூடாக்கி நுரையில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் பி.வி.சி.க்குப் பச்சைச் சுடர் வரும். அங்கே கிடந்தவற்றில் வேரிலிருந்து முதல் மூன்று மீட்டர் நுரையே இல்லாத கெட்டி லேமினேட், நுனிப் பக்கம்தான் நுரை. வெட்டும்போதே வேர், நடு, நுனி என்று மூன்று குவியலாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து எரித்துச் சாம்பல் அளவைக் குறித்துவிட்டால் ஆலைக்காரர்களிடம் பேச எண்களோடு போகலாம்.